மடிப்புக்குக் கீழே ஒரு முகம்

மடிக்கும் கைபேசியின் திரையைப் பார்த்து மதிப்பெண் சொல்ல வந்த டாக்சி ஓட்டுநர் மேங், சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

கொரியாவின் சூவோன் நகரில் அன்று காலையிலிருந்தே பனி. கறுப்புத் துணி சுற்றிய சோதனை அறையில் சூடேற்றியின் காய்ந்த தூசி வாசனையும், மேசைவிளக்கு விடாமல் ரீங்கரிக்கும் ஓசையும், பாதி மடித்து நிறுத்திய அந்தக் கைபேசியும்தான், மடிப்புக்கோடு கண்ணில் படுகிறதா என்று ஆட்களை வைத்துச் சோதிக்கும் ஹேரினுக்குத் துணை.

"மடிப்புக்கோடு தெரியுதா அண்ணே?"

"கோடு கெடக்கட்டும். கீழ்ப்பாதியில இருக்கறது யாரு?"

"உங்க முகந்தான். அணைஞ்ச திரை கண்ணாடி மாதிரி காட்டும்."

"காலமெல்லாம் கண்ணாடியப் பாத்து வண்டி ஓட்டறவன் நான். என் மூஞ்சி எனக்குத் தெரியாதா பொண்ணு?"

பரிசுக் கூப்பனைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் சந்தையில் அரிசிக் கேக் விற்கும் பியோ அம்மாள். "மடிப்பா? என் மூஞ்சியில இல்லாததா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். சிரிப்பு நின்றது.

"கண்ண மூடிட்டு இருக்கு," என்றார் மெதுவாக. "எழுப்பிடாதம்மா."

அவர் போனதும் ஹேரின் சொக்ஜுவை அழைத்தாள். போன வாரம்வரை இந்தச் சோதனையை நடத்தியவன். திடீரென்று விடுப்பில் போய்விட்டான்.

"நீ குனிஞ்சு பாத்தியா?" எடுத்தவுடன் கேட்டான்.

"இல்ல. மூடி வெச்சுட்டுக் கெளம்பறேன்."

"மூடாத!" அவன் கத்தினான். "மேல உன் மூஞ்சி, கீழ அது. மூடினா ரெண்டும் ஒட்டிக்கும்."

இணைப்பு அறுந்தது.

பைத்தியக்காரத்தனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழுவின் மூன்று மாத உழைப்பு, அதுவும் நாளைக்கு அறிக்கை. யாரோ விளையாடுகிறார்கள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் தீர்ந்தது.

குனிந்தாள்.

மேல்பாதியில் அவள் முகம். கீழ்ப்பாதியில் இன்னொன்று. வெளிறியது. ஈரமானது. இமைகள் மூடியிருந்தன.

இமைகள் திறந்தன.

ஹேரின் பின்வாங்கினாள். நாற்காலி சாய்ந்தது. கதவில் முதுகு மோதியது. கைப்பிடி திரும்பவில்லை.

அங்கிருந்தும் திரை தெரிந்தது. அவள் இவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டாள். மேல்பாதியில் அவள் முகம் மட்டும் விலகவில்லை. அங்கேயே இருந்தது. அழுதுகொண்டிருந்தது.

கீழே இருந்தது வாயைத் திறந்தது.

யாரும் தொடாமல், கைபேசி மெல்ல மூடிக்கொண்டிருந்தது.