போயிட்டு வரோம்

நாய்கள் துரத்தவில்லை. யோகலட்சுமிக்கு முதலில் உறைத்தது அதுதான். சைக்கிளில் போகிறவர்களின் கெண்டைக்கால் என்றால் எந்த ஊர் நாய்க்கும் ஒரு தனிப் பிரியம், கே.ஜி.கண்டிகையிலிருந்து பொதட்டூர்பேட்டை வரைக்கும் ஊருக்கு ஊர் ஒரு கும்பல் குரைத்துக்கொண்டே ஓடிவந்து, தங்கள் எல்லை முடிந்ததும் திரும்பிப் போயிருந்தது. ஆந்திராவுக்குள் நுழைந்து, மலைகளுக்கு நடுவில் கிடந்த இந்த ஏரியின் கரைப் பாதைக்கு வந்ததும், புளியமரத்தடியில் படுத்திருந்த நாய்கள் தலையைக்கூடத் தூக்காமல் அவளையும் அவள் கணவனையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"பாத்தியா, எவ்ளோ அமைதின்னு," என்றான் கௌதமன்.

அமைதியாம். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, சென்னையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது டாக்டர் நடக்கத்தான் சொன்னார். இவன் காதில் அது சைக்கிள் என்று விழுந்திருக்கிறது. பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான டவுசர், காளான் மாதிரி ஒரு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. திருத்தணி மார்க்கெட் வழியாக இந்தக் கோலத்தில் போகிறவனுக்குப் பக்கத்தில் போவதற்கே தனி தைரியம் வேண்டும். போதாததற்கு ஒரு வாட்ஸப் குழு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இயற்கையைக் கண்டுபிடிக்கிற தொப்பைகள் எல்லாம் சேர்ந்து, லாரி வராத சாலை எது, மலையும் ஏரியும் தெரிகிற பாதை எது என்று நாள் முழுக்க ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள்.

லாரி வராத சாலையில் ஆம்புலன்ஸும் வராது என்பது அந்த அறிவாளிகளுக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் மகளின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, இடுப்புப் பையில் அவன் மாத்திரைகளோடு, ஒவ்வொரு வாரமும் அவளும் கூடவே மிதிக்கிறாள். அவளுக்கு மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். இவனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இவன் இல்லாத வீட்டில் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதை அவனிடம் சொல்லிவிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று சொல்லவில்லை.

பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. கரை வளைகிற இடத்தில் ஒரு ஓட்டு வீடும் அதன் முன்னால் வெளுத்துப்போன ஷாமியானாவும் தெரிந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டு பேர். நடுவில் கட்டில், கட்டிலின் மேல் முகம் மூடிக் கிடத்தப்பட்ட ஓர் உடல். மாலைகளின் ஈர வாசனையும் ஊதுவத்திப் புகையும் ஏரித் தண்ணீரின் பாசி நாற்றத்தோடு கலந்து வந்தன. மேளம் இல்லை. அழுகை இல்லை. ஒருத்தரும் செல்போனைக்கூட நோண்டவில்லை.

"சாவு ஊடு, லட்சுமி. வேணாம், போயிடலாம்."

"பொணமா வந்து தண்ணி மொண்டு குடுக்கப் போவுது? மாத்திரை போடணும், எறங்குங்க."

கட்டிலின் தலைமாட்டில் இருந்த பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் பல் கூசும்படி குளிர்ந்திருந்தது. கௌதமன் மாத்திரையை விழுங்கினான். யோகலட்சுமி சொம்பைத் திண்ணையின் மேல் வைத்தாள். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாயில் தானாக வருகிற வார்த்தை அப்போதும் வந்தது.

"போயிட்டு வரோங்க."

நாற்காலிகளில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. கௌதமன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"சாவு ஊட்ல வரேன்னு யாராவது சொல்லுவாங்களா? சொல்லாம கொள்ளாமத்தான் போவணும்னு தெரியாது உனக்கு?"

தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, மூஞ்சி வெளுத்துப்போய் நிற்கிற இவனைப் பார்த்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் அவள். இந்தக் கோழைத்தனத்துக்கெல்லாம் மடங்குகிற ஆள் இல்லை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே கட்டிலைப் பார்த்து, குரலை உயர்த்தி இன்னொரு முறை சொன்னாள்.

"நாங்க போயிட்டு வரோம்!"

"ஆங்," என்று ஒரு குரல் சொன்னது.

சரி என்று சாதாரணமாகச் சொல்கிற ஆங். நாற்காலியில் இருந்தவர்களின் உதடு அசையவில்லை. தலைமாட்டுப் பெண்ணின் வாயில் முந்தானை இருந்தது.

மிதித்தார்கள். எவனோ உள்ளேயிருந்து சொல்லியிருப்பான் என்று யோகலட்சுமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தும் மலையின் நிழல் பாதையை மூடிவிட்டிருந்தது. கரும்புத் தோட்டத்தில் இலை அசைகிற சரசரப்பு, சங்கிலி பல்சக்கரத்தில் ஏறுகிற சத்தம், கௌதமனின் மூச்சு. இவற்றுக்கெல்லாம் அடியில், சற்றுத் தள்ளி, வெறுங்கால்கள் மண்ணில் நடக்கிற ஓசை ஒன்று நிதானமாக வந்துகொண்டிருந்தது. நின்றால் நின்றது. ஊதுவத்தி வாசனை மட்டும் நிற்கவில்லை. துணியில் ஒட்டியிருக்கும் என்றாள் வாய்விட்டு. கௌதமன் திரும்பிப் பார்க்காமல் மிதித்தான்.

வளைவுக்கு அப்பால் டக்டக்கென்று சத்தம் கேட்டது. பொதட்டூர்பேட்டையின் விசைத்தறிகள்! அந்த இரைச்சலை அவள் இத்தனை நாள் திட்டியதற்கு அளவில்லை. இப்போது காது குளிர்ந்தது. வேகமாக மிதித்து வளைவைத் தாண்டினாள்.

ஏரி.

அதே கரை. அதே புளியமரம். ஷாமியானாவின் கிழிந்த ஓரம் காற்றில் கம்பத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. டக். டக்.

"வழி மாறிட்டீங்க. உங்க குழுவுல ஒருத்தனுக்காவது மேப் பாக்கத் தெரியுமா?" என்றாள். போனை எடுத்துப் பார்த்தாள். நீலப் புள்ளி சாலையில் இல்லை. ஏரிக்கு நடுவில் நின்றது.

சைக்கிளைத் திருப்பினார்கள். வந்த வழியே மிதித்தார்கள். கரும்புத் தோட்டம் வந்தது. வளைவு வந்தது. மறுபடி ஏரிதான் வந்தது. இப்போது ஷாமியானா இன்னும் பக்கத்தில் இருந்தது. கௌதமன் பெடலை மிதிப்பதை நிறுத்திவிட்டான் என்பதை அப்போதுதான் கவனித்தாள். கால்கள் அசையாமல் தொங்கின. சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

வரோம் என்று சொன்னாள். வரேன் என்று சொல்லவில்லை. அவனையும் சேர்த்து வாக்குக் கொடுத்தவள் அவள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் இப்போது எழுந்து நின்றார்கள். எல்லாரும் சாலையைப் பார்த்து. கட்டிலில் உடல் இல்லை. மாலைகள் மட்டும் கிடந்தன, நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு.

தலைமாட்டுப் பெண் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"வந்துட்டீங்களா. வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் எடுக்காம வெச்சிகினு இருக்கோம்."

கௌதமன் இறங்கினான். ஸ்டாண்டு போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். உறவுக்காரர் வீட்டு வாசலில் நிற்பவனைப்போல ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தான்.

"ஏங்க!"

திரும்பவில்லை.

"கௌதம்! வாங்க, வீட்டுக்குப் போலாம். என்னங்க!"

பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவன் நடந்தான். யோகலட்சுமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் கையைப் பிடித்தாள். பல் கூசும் குளிர். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும். அவ்வளவுதான். சொன்னவளே மாற்றிச் சொல்ல வேண்டும்.

"நாங்க வரல!" என்று கத்தினாள். "கேட்டுதா? நாங்க வர மாட்டோம்! நாங்க போறோம்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. போறோம். வாசலில் நின்று போறேன் என்று சொன்னால் அம்மா வாயிலேயே அடிப்பாள். உயிரோடு இருப்பவர்கள் போறேன் என்று சொல்வதில்லை.

"ஆங்," என்றார்கள் அத்தனை பேரும்.

எங்கிருந்தோ மேளத்தில் அடி விழுந்தது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, குனிந்து, அழ ஆரம்பித்தார்கள். உண்மையான அழுகை. மார்பில் அடித்துக்கொள்கிற அழுகை. அதில் அவன் பேர் இருந்தது. அவள் பேரும் இருந்தது.

கௌதமன் கட்டிலில் படுத்தான்.

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் யாரோ வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எப்போது கட்டினார்கள் என்று அவள் பார்க்கவில்லை. சாலை திறந்துதான் கிடந்தது. சைக்கிள் அங்கேதான் கிடந்தது. அவள் ஓடவில்லை. கால்மாட்டில் மண்டியிட்டு முடிச்சைப் பிடித்தாள். நகம் ஏறவில்லை. ஈரத்துணி. இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்தாள்.

கட்டைவிரல் அசைந்தது.

உயிர் இருந்தது. இருக்கிறான். "இதோ, இதோ அவுத்துடறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்றாள். அழுதாள். மறுபடி கடித்தாள். ஒரு நூல் அறுந்தது. இன்னொன்று.

அவளுக்குப் பின்னால், மிக அருகில், வேட்டித் துணியை நீளவாக்கில் கிழிக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரு கை, மிகுந்த மரியாதையோடு, அவளுடைய செருப்பைக் கழற்றியது.