இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம்

பூனை வாசற்படியைத் தாவி ஏறவில்லை. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பின் பின்பாதியை ஈரச்சாக்குப் போல இழுத்துக்கொண்டு ஏறியது. இரண்டு இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு தலையை நிமிர்த்தி மூக்கையா கங்காணியைப் பார்த்தது.

அவர் வாயில் சுருட்டு அணைந்தே போயிருந்தது. காப்பிக் குருத்தையெல்லாம் எலி கடித்துத் தள்ளிய வருஷம், கண்டிப் பக்கம் மஹய்யாவயில் தெரிந்தவர் வீட்டிலிருந்து மடுல்கெல்லத் தோட்டத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுவந்த வரிப்பூனை. நேற்றுவரை கூரைக்குத் தாவிக்கொண்டிருந்தது.

அவர் பெண்சாதி வேலாயி அதை மடியில் கிடத்தி எண்ணெய் தேய்த்தாள். "முள்ளுமில்ல, காயமுமில்ல மச்சான். எலும்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. நடக்க மாட்டேங்குதே!"

கூலி வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவிலிருந்து சுப்பம்மா எட்டிப் பார்த்தாள். "கங்காணி வீட்டுப் பூனையில்ல! மத்தவங்கள வெரட்டும், அது வேலைக்குப் போவாது."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். மூக்கையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. காப்பிப் பழத்தோல் குவிந்து அழுகும் புளித்த வாடையும், ஈரவிறகின் புகையும், கதவிடுக்கில் நுழையும் பனியும் காம்பராவை அடைத்துக்கொண்டு நிற்க, அவர் பாயில் சாய்ந்தாலும் அடுப்படியில் குந்தினாலும் மண்தரையில் அந்தச் சத்தம் மட்டும் விடாமல் அவரைத் தேடி வந்தது. சரக், சரக். பிறகு நிறுத்தம். அவர் இடம் மாறினால் பூனையும் திசை மாறியது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து கண்டிச் சீமைக்குக் கூலியாள் கட்டிக்கொண்டு வந்தபோது, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடக்கும் காட்டுப் பாதையில் அவருடைய முதல் பெண்சாதி அழகம்மாவுக்கு வாந்திபேதி கண்டது. வேலாயியின் கூடப்பிறந்த அக்கா. நோயாளியைப் பார்த்தால் சர்க்கார் ஆட்கள் கூட்டத்தையே வழியில் மறித்துவிடுவார்கள் என்று அவளை விட்டுவிட்டு நடந்தார்கள். அவள் விடவில்லை. முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்துப் பின்னாலேயே வந்தாள்.

"இருங்க மாமா. நானும் வந்துர்றேன்."

அவரை மாமா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். கூட்டத்தை முன்னே அனுப்பிவிட்டு மூக்கையா பூண் போட்ட தடியோடு திரும்பிப் போனார். முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு அடி. அதற்குப் பிறகு அவள் பின்னால் வரவில்லை.

ஊருக்குப் போய், மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தேன், உயிர் போனதும் புதைத்தேன் என்றார். வேலாயியைக் கட்டிக் கூட்டிவந்தார்.

"யாரோ அடிச்சிருக்காங்க மச்சான்," என்றாள் வேலாயி, மழையின் மூன்றாம் நாள் ராத்திரிச் சோற்றின்போது. "அது பார்க்கிற பார்வைய பாருங்க, ஆளக் காட்டிக்குடுக்குற மாதிரி. எவன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

பூனை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் பழம் பறிக்கக் கூடையோடு மலையேறினாள். காய்ச்சல் என்று சொல்லி அவர் படுத்திருந்தார். மத்தியானம் பனி இறங்கியது. எதிர்க் காம்பரா மறைந்தது. வாசல் மறைந்தது.

சரக். சரக்.

கூரைக் கம்பிலிருந்து தடியை உருவினார். அதே தடி.

ஓர் அடி. பூனையின் கால் எலும்பு நொறுங்கியது. பூனை கத்தவில்லை. மலைமேலிருந்து ஒரு பெண் அலறினாள்.

கை நிற்கவில்லை. இன்னோர் அடி.

மறுபடியும் அலறல். பிறகு மழை மட்டும்.

பூனை எழுந்தது. நொறுங்கிய கால்களில். நேராக. வாலை உயர்த்தி, ஒரு குறையும் இல்லாமல் நடந்துபோய்ப் படியில் உட்கார்ந்தது. பனியைப் பார்த்தபடி. காத்திருந்தது.

வெகுநேரம்.

சரக். சரக். நிறுத்தம்.

முதலில் முழங்கை தெரிந்தது. சேறு. பிறகு இடுப்பில் கட்டிய கூடை. அதன் பின்னால் கசங்கிய காப்பிப் பழமாகச் சிவந்து இழுபட்ட இரண்டு முழங்கால்கள். வேலாயி படியில் கையை ஊன்றினாள். தலையை நிமிர்த்தினாள்.

"இருங்க மாமா," என்றாள். "நானும் வந்துர்றேன்."

பூனை இறங்கிப் போய் அவள் முழங்காலை நக்கத் தொடங்கியது.