திருப்பிப் போட்ட மீன்

“ஐயோ... திருப்பாதீங்க!”

கடைக்காரி ஹியென் கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. சுட்ட பாறை மீனின் மேல்பக்கத்தை ருசித்துத் தின்றுவிட்டு, குச்சிகளால் அதை அழகாகப் புரட்டிப் போட்டிருந்தான் லாம்.

நிமிர்ந்து பார்த்தான். அப்பப்பா... என்ன கண்கள்! பாய் செப் கடற்கரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இடியும் மின்னலும் மட்டும் கடைக்குள் வந்து நின்றன.

சைகோனிலிருந்து முதுகுப் பையோடு ஊர் சுற்றக் கிளம்பிய லாமும் நண்பர்களும், மழைக்கு அவள் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கியிருந்தார்கள். வந்ததிலிருந்தே அவர்களில் குவான் அவளிடம் வம்பு வளர்த்தான்.

“இவ்ளோ ருசியா போடறீங்க... மறுபடி வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“பிடிச்சவங்க தானா வருவாங்க. நான் யாரையும் கூப்பிடறதில்ல.”

அத்தனை ரோஷக்காரி! அவளிடம் போய் லாம் சிரித்துத் தொலைத்தான்.

“ஒரு மீனத் திருப்பினதுக்கா இந்தக் கத்து?”

“கடலுக்குப் போறவங்க வீட்ல மீனக் கவுத்தா படகக் கவுத்த மாதிரி. சைகோன்ல யாரும் சொல்லித் தரலையா?”

“கேள்விப்பட்டிருக்கேன். இன்னுமா நம்பறீங்க?”

மூலையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்தார். புயலால் ஒரு வாரமாகப் படகுகள் கரையோரம் முடங்கிக் கிடந்தன. மழை விட்டதும் கிளம்புவதாக இருந்தார். வலையைக் கீழே வைத்தார்.

“இன்னிக்குப் போகல.”

ஹியெனின் முகம் வாடியதைப் பார்த்ததும் லாமின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

“ஐயா... தப்புதான். என்ன பண்ணா உங்க மனசு ஆறும்?”

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என் படகு அதோ நங்கூரம் போட்டு நிக்குது. பரிசல்ல போய் அத ஒரு சுத்து சுத்திட்டு வா. கவுத்த கை கவுக்காம திரும்பினா, நான் போறேன்.”

“காலேஜ்ல துடுப்புப் போட்டியில கப்பு வாங்கினவன் ஐயா நான்!”

மழை தூறலானதும் பரிசலில் ஏறினான். ஹியெனும் ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க எதுக்கு?”

“நீங்க மூழ்கினா எங்க கடைக்கில்ல கெட்ட பேரு!”

துடுப்பைப் போட்டான். பரிசல் போகவில்லை... சுற்றியது. மறுபக்கம் போட்டான். அந்தப் பக்கமாகச் சுற்றியது.

“ஊர் சுத்த வந்தோம்தான்டா, அதுக்காக இப்படியா?” கரையிலிருந்து குவான் கத்தினான்.

ஹியென் கையைக் கட்டிக்கொண்டு தொலைவில் எதையோ பார்த்தாள். உதட்டோரம் மட்டும் சிரிப்பில் துடித்தது. கேட்டால் சொல்வாள்... கேட்பதா? இவளிடமா? துடுப்பு உரசி அவன் உள்ளங்கை எரிந்தது. கரையில் அவள் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இனி தன் கௌரவம் என்ன வேண்டியிருக்கிறது?

“ஹியென்... எனக்குத் தெரியலங்க. சொல்லிக் குடுங்க.”

சட்டென்று திரும்பினாள். பரிசலில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. தெரியலன்னு சொன்ன முதல் ஆள் இவன்தான்... அவளுக்கு என்னவோ செய்தது.

“பக்கத்துல போட்டா சுத்தத்தான் செய்யும். முன்னாடி நட்டு வச்சு, மீன் வால ஆட்டுமே... அப்படி ஆட்டுங்க.” அவன் கையின்மேல் கை வைத்துக் காட்டியவள், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள்.

பரிசல் நேராகப் போனது. அவன் நெஞ்சு நேராகவில்லை.

“நான் சிரிச்சது... உங்க நம்பிக்கையப் பார்த்து இல்லங்க. உங்க கண்ணப் பார்த்ததும் உதறிப் போச்சு. அத மறைக்கத்தான்...”

“நல்லா மறைச்சீங்க!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவந்ததை அவன் பார்த்துவிட்டால்?

அவர்கள் படகைச் சுற்றி வந்து, கவிழாமல் கரை சேர்ந்தார்கள். அப்பா கடலுக்குப் போனார். சாயங்காலம் பஸ்ஸுக்கு நண்பர்கள் பையைத் தூக்கினார்கள். ‘இருங்களேன்’ என்ற சொல் ஹியெனின் உதடுவரை வந்தது. கூப்பிட்டுப் பழக்கமில்லையே... விழுங்கிவிட்டாள்.

விடியலில் அப்பாவை எதிர்பார்த்துக் கரைக்கு வந்தவள் திகைத்து நின்றாள். பரிசல் விளிம்பில், பையை அணைத்தபடி... லாம்!

“பஸ்ஸு?”

“குவானையெல்லாம் ஏத்திவிட்டுட்டேன். ஐயா பத்திரமா வந்து சேர்றதப் பார்க்காம எப்படிங்க போறது?”

“நீங்கதான் இதெல்லாம் நம்பறதில்லையே?”

“இல்லதான். ஆனா... உங்க அப்பாவாச்சே.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. தொலைவில் படகு தெரிந்தது. அப்பா கையை ஆட்டிக்கொண்டு, வலை நிறைய மீனோடு வந்தார்.

அவளே சுட்டு வைத்தாள். லாம் மேல்பக்கத்தைத் தின்றான், முள்ளை அப்படியே உருவி ஓரம் வைத்தான், கீழ்ப்பக்கத்தைத் தொடர்ந்தான். மீன் அசையவில்லை. அப்பா தேநீர்க் குவளைக்குள் சிரித்தார்.

மறுபடி மழை. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

“ஹியென்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப. ஆனா எனக்கும் ரோஷம் உண்டு. இனிமே தானா வந்து நிக்க மாட்டேன். நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன்.”

மழைக்குள் இறங்கி நடந்தான். அவள் குனிந்து, துடைத்த மேசையையே துடைத்தாள்... துடைத்தாள்...

“மேசை தேஞ்சிடும்மா,” என்றார் அப்பா.

துணியை வீசிவிட்டு ஓடினாள்.

“லாம்...!”

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! மழையில் தலை நிமிர்ந்து நின்றாள்.

“வாங்க... மறுபடி வாங்க. நான் கூப்பிடறேன்.”

“யாரையும் கூப்பிடறதில்லன்னீங்க?”

“இப்பவும் யாரையும் கூப்பிடல. உங்களத்தான் கூப்பிடறேன்.”