மூலையில் வைத்த சூடு

“ஐயோ...!”

லேசர் அறையிலிருந்து அலறல்!

அலறியது கட்டிலில் படுத்திருந்த பெண் அல்ல. தோல் டாக்டர்! அவருடைய காலர் ஒரு இஸ்திரிக்காரனின் முஷ்டிக்குள் இருந்தது.

“என் தங்கச்சி மூஞ்சியப் பாருய்யா!”

வாசலில் நின்ற தங்கை துப்பட்டாவை விலக்கினாள்.

இரண்டு கன்னத்திலும் கட்டம் கட்டமாய்க் கருந்திட்டுகள்... துணிமேல் மறந்து வைத்த இஸ்திரிப் பெட்டி பதிந்ததுபோல!

பருத்தழும்பு போக வந்தவள். மூன்று மாதமாக வீட்டுக் கண்ணாடியைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

டாக்டரின் உதவியாள் போன் செய்ய, பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்தார்.

“கையை எடுப்பா. டாக்டர், நீங்க சொல்லுங்க.”

“கறுப்புத் தோலுக்குச் சூடு கம்மியாத்தான் வைப்போம் மேடம். முதல்ல காதுக்குப் பின்னால ஒரு புள்ளி வச்சுப் பாப்போம். ஒரு மாசம் பாத்துட்டுத்தான் முகம். எல்லாம் ஃபைல்ல இருக்கு. இது வெயில்ல சுத்தி வாங்கிக்கிட்டது!”

“பொய்! வந்த அன்னிக்கே முகத்துல வச்சிட்டாரு!” என்றாள் தங்கை.

“கையெழுத்து போட்டிருக்கியேம்மா?”

“பத்துப் பக்கம் நீட்டினீங்க. படிக்க விட்டீங்களா?”

இன்ஸ்பெக்டரம்மா ஃபைலைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

“காகிதம் அவர் பக்கம் பேசுதுப்பா. நீ ஸ்டேஷனுக்கு நட.”

இஸ்திரிக்காரன் நடக்கவில்லை. கட்டிலைப் பார்த்தான். அந்தப் பெண்ணும் தங்கை நிறம்தான். முகம் முழுக்க மரத்துப்போக வைக்கும் களிம்பு.

அடுத்த பலி!

“இந்தப் பொண்ணுக்கு மிஷின்ல சூடு வச்சாச்சா டாக்டர்?”

“வச்சாச்சு. உன் தங்கச்சிக்கு வச்ச அதே அளவு. கறுப்புத் தோலுக்கு உள்ளது. போதுமா?”

“போதும். நீங்களும் நம்ம நிறந்தானே சார்?”

சட்டென்று டாக்டரின் கையை இழுத்தான். புறங்கையில் லேசர் முனையை வைத்து அழுத்தினான். கால், மிஷினை இயக்கும் பெடலின் மேல்!

“மேடம்! தடுங்க இவனை!”

“இருங்க டாக்டர்... பேனாவைத் தேடுறேன்.”

“கம்மிச் சூடுதானே சார், ஏன் உதறுறீங்க? ஒண்ணு... ரெண்டு...”

“மிதிக்காதே! அது வெள்ளைத் தோலுக்கு வைக்கிற சூடு! கறுத்துப் போயிடும்டா!”

கட்டிலில் கிடந்தவள் விருட்டென எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்புறம் ஏன்யா எங்களுக்கு வச்சே?” தங்கை கத்தினாள்.

டாக்டர் கையை உருவப் பார்த்தார்.

“கம்மியா வச்சா ஆறு தடவை வரணும்... புள்ளி வச்சு ஒரு மாசம் காத்திருன்னா எவ இருப்பா? அடுத்த கிளினிக்குக்கு ஓடிருவீங்க!”

“அதுக்கு என் மூஞ்சியக் கொளுத்துவியா?”

“பேனா கிடைச்சிடுச்சு,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அவ்வளவுதான்... இஸ்திரிக்காரன் பெடலை ஓங்கி மிதித்தான்!

“அம்மாஆஆ...!”

டாக்டர் கண்ணை இறுக மூடினார்.

மெல்லத் திறந்தார்.

கை... அப்படியே இருந்தது!

இஸ்திரிக்காரன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஒயரை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

“பெடல் ஒயரு. உள்ள நுழைஞ்சதுமே கழட்டிட்டேன். பயப்படாதீங்க சார்... அடுப்படிக் கரித்துணியா இருந்தாலும், மூலையில வச்சுப் பாக்காம நான் சூடு வைக்கிறதில்ல!”