ஏழாவது வளையம்

ஹம்சவேணி மரங்களை ஆராயும் ஆய்வு மாணவி. கே.கே. நகரில் லாசர் வீட்டு முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். லாசர் காட்டிலாகாவில் கடத்தல் கட்டைகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர். அவருக்கும் சேர்த்து மைத்துனன் ஜெய்சன் அவசரப்படுவான்.

"எது திருட்டுப் போச்சு? சொல்லுங்க!"

"ஒரு குச்சி."

ஜெய்சனின் முகம் தொங்கிப்போயிற்று. பென்சில் கனம்தான். ஆனால் அது இமயமலையில், அதற்கு மேல் மரமே முளைக்காத குளிர் உயரத்தில், 1998 ஜூன் தொடக்கத்தில் ஒரு முதிய மரத்தைத் துளைத்து எடுத்தது. அதில் இருநூற்றெண்பது ஆண்டு வளையங்கள். குளிர் கூடினால் இளமரம் சமாளித்துக்கொள்ளும், முதிய மரத்தின் வளர்ச்சிதான் சுருங்கும் என்பது அவளுடைய ஆய்வு. இன்று காலை பேராசிரியர் வெங்கடசுப்பிரமணியன் குச்சிகள் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்த எண் ஒட்டிய குச்சியில் தொண்ணூறு வளையங்களே இருந்தன.

"'மரத்துக்கு வயசைக் கூட்டி எழுதிட்டியா'ன்னு கேட்டுட்டார் சார். நாளைக்குப் பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. குச்சி கிடைக்கலேன்னா ஆய்வேட்டையே தள்ளிருவாராம். அஞ்சு வருஷ உழைப்பு சார்!"

"பெட்டி இருந்த அலமாரிச் சாவி?" என்றார் லாசர்.

"மூணு பேர்ட்ட இருக்கு. நான், ஆய்வகத்து மொக்கையன் அண்ணே, கூடப் படிக்கிற ரவிசங்கர் அண்ணே. ஜூன்ல மலைக்கு நானும் ரவி அண்ணேயும் போனோம். அவர் அக்டோபர்லயும் ஒருதரம் போனார். நான் போகலே."

நான்கு மணிக்கு எல்லோரும் ஆய்வகத்தில் கூடினார்கள். ஜெய்சன் எடுத்த எடுப்பில் மொக்கையன்மேல் பாய்ந்தான். "அடுப்புல வச்சிட்டீங்களா?"

"அம்புட்டு மடையனா சார் நானு? இந்தக் குச்சிய எரிச்சு டீகூடப் போட முடியாதே!"

ரவிசங்கர் தானாகவே தன் பெட்டியைத் திறந்தான். "என்னோட அக்டோபர்ப் பெட்டியையும் பாத்துக்கங்க. இருபத்துநாலு மரம், இருபத்துநாலு குச்சி. ஒண்ணுகூடக் கொறையலே."

லாசர் போலிக் குச்சியின்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தார். "ஏம்மா, எல்லா மரத்துக்கும் பொதுவா ஒரு கெட்ட வருஷம் உண்டா?"

"தொண்ணூத்திரண்டு சார். கோடை சரியா வரலே. அந்த வளையம் மட்டும் ஒடுங்கியிருக்கும்."

"உன் குச்சிகள்ல பட்டையிலேர்ந்து அது எத்தனாவது?"

"ஆறாவது. நாங்க துளைச்சப்போ மரம் இன்னும் வளர ஆரம்பிக்கலே. தொண்ணூத்தேழுதான் கடைசி வளையம்."

"இதுல ஏழாவது."

ஹம்சவேணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து பயந்து நடுங்கியதில் அதை எண்ணிப் பார்க்கவே தோன்றவில்லை.

"தொண்ணூத்தெட்டுக் கோடையையும் பாத்த குச்சி இது," என்றார் லாசர். "கோடை முடிஞ்சப்புறம் துளைச்சது."

எல்லோரும் ரவிசங்கரைப் பார்த்தார்கள்.

"என்னுதா? என் பெட்டிதான் நெறஞ்சிருக்கே!"

"அதான் தம்பி ஒதைக்குது. உங்க குச்சி ஒண்ணு இங்க வந்தாச்சுன்னா, அங்க இருபத்துமூணுதானே இருக்கணும்? காலிக் குழி கண்ணுல படுமேன்னு எதை வச்சு அடைச்சீங்க?"

ஜெய்சன் ஒவ்வொன்றாக எண்ணினான். பதினேழாவது குழியில் இருந்த குச்சியில் மட்டும் ஒடுங்கிய வளையம் ஆறாவது. அதன்மேல் ரவிசங்கரின் கையெழுத்தில் ஒரு புது எண் ஒட்டியிருந்தது.

"போன மாசந்தான் என் ஆய்வேட்டைக் கொடுத்தேன்," என்றான் ரவிசங்கர், தலை குனிந்து. "வளர்ச்சிக்கு மரத்தோட வயசு ஒரு பொருட்டே இல்லேன்னு எழுதிட்டேன். இது வெளிய வந்தா நான் காலி."

அவளுக்கு நிம்மதியைவிட வேதனைதான் அதிகமாக வந்தது. "மூச்சு முட்டி நான் உக்காந்தப்போ என் பையையும் சேத்துத் தூக்குனீங்களே அண்ணே! அந்த மரத்தைக் காட்டுனதே நீங்கதானே?"

அவன் அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு."

"வாரேன் சார்." ஹம்சவேணி பதினேழாவது குழியிலிருந்த தன் குச்சியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பொய்யின்னு சொன்னது நீங்க. இப்பவே எண்ணுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பட்டைப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.