ஊறல் தொட்டியில் ஒரு பிரின்சிபால்!

'இவர் செத்துப்போயிருந்தால் என் தொட்டியை மூடிவிடுவார்களே!'

ரத்தினம்மாவின் மனதில் முதலில் ஓடியது அதுதான்.

அடுத்த கணமே கூசிப்போனாள். காலடியில் ஒரு மனிதர் கட்டையாகக் கிடக்கிறார்... நான் தொட்டிக்காகக் கவலைப்படுகிறேனே! என்ன பிறவி நான்?

கிடந்தவர் சிவப்பிரகாசம். கல்லூரி பிரின்சிபால். ஊரிகம் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர்!

ரத்தினம்மா அதே கல்லூரியில் ரசாயனப் பொறியியல் ஆசிரியை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அழுகிய பழம், கெட்டுப்போன வெல்லம் எல்லாம் அவள் கொட்டகைக்கு வந்துவிடும். பள்ளத்தில் இறக்கிய தொட்டியில் ஊறலாகப் புளிக்கவைத்து, ஸ்பிரிட் எடுத்து, லேப் அடுப்பை எரிப்பாள். சக்கை எருவாகிவிடும். எல்லாம் மாணவர்கள் கையால்! கை நாறாதவனுக்கு மார்க் கிடையாது.

"அசையாதே!"

கொட்டகை வாசலில் இன்ஸ்பெக்டர் கோவிந்தன்.

"இன்னாடா வேலு... தள்ளி வுட்டுட்டு, காப்பாத்துற மாதிரி இழுத்துப் போடுறியா?"

வேலு பிரின்சிபாலின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பகலில் சுரங்க வேலை, மாலையில் ரத்தினம்மாவின் வகுப்பு.

"ஐயோ, இல்ல சார்! 'தொம்'னு சத்தம் கேட்டுச்சு. நானும் மேடமும் ஓடியாந்தோம். மூச்சப் புடிச்சிக்கினு எறங்கித் தூக்குனேன்!"

"அவன் என்கூடத்தான் இருந்தான், இன்ஸ்பெக்டர்."

"மாணவனுக்கு டீச்சர் சாட்சியா? நல்லா கீது! ஊறல் தினம் திருடு போவுது, வேலு மேல சந்தேகம்னு பிரின்சிபாலே புகார் குடுத்துட்டாரு. நாளைக்கு வரச் சொன்னாரு. நான் இன்னிக்கே வந்துட்டேன்!"

க்ளிக்! வேலுவின் கையில் விலங்கு!

"மேடம்... கேஸுன்னு வந்தா மைன்ல சீட்டக் கிழிச்சிடுவாங்க மேடம்!"

ரத்தினம்மா பள்ளத்தின் விளிம்புக்குப் போனாள். மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினாள்.

இரண்டாவது படி... மூன்றாவது படி...

புஸ்!

"யாரும் ஊதலியே!" இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"புளிக்கிறப்ப வர்ற கெட்ட காத்து. பள்ளத்துலயே தங்கிடும். சும்மா எறங்குனா மயக்கம்தான்."

"அதுக்கும் திருட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

"என் பசங்களுக்கு முதல் பாடமே இதுதான். மெழுகுவத்தி எறக்கிப் பாக்காம எவனும் கால வெக்க மாட்டான். எறங்கி வுழுந்த ஆளு... என் பிராக்டிகல் கிளாஸ எட்டிக்கூடப் பாக்காத ஆளு!"

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்தார்.

"படியில இன்னாமோ மினுங்குது..."

ரத்தினம்மா நீளக் கரண்டியால் இழுத்தெடுத்தாள்.

வெள்ளி டம்ளர்! அடியில் ஊறல். பக்கத்தில் பொறித்த எழுத்து:

'தலைவருக்கு மதுவிலக்குச் சங்கத்தின் அன்பளிப்பு.'

"அடப்பாவி! சாராயக் கடைக்குப் போனா மானம் போயிடும்னு இங்க வந்து..." என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஹா...ஹா...ஹச்!"

பிணம் தும்மியது!

இன்ஸ்பெக்டர் துள்ளிக் குதித்தார். டார்ச் உருண்டது.

சிவப்பிரகாசம் கண் திறந்தார். டம்ளரைப் பார்த்தார். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்! குடிச்சது சரி... வுழுந்தீங்களா, தள்ளுனானா?"

பிரின்சிபாலிடமிருந்து முனகல் மட்டுமே வந்தது.

"மேடம், இவரு முழுசாத் தெளிஞ்ச மாதிரி தெரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க. உங்க வார்த்தைய வெச்சித்தான் கேஸு."

ரத்தினம்மா குனிந்தாள். அவள் கையை இறுகப் பற்றியது ஒரு கை. காதருகே கிசுகிசுப்பு.

"ரத்தினம்மா... வேலு தள்ளுனான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. டம்ளரு கூட அவன் திருடுனதா ஆயிடும். உன் வேலைய பர்மனென்ட் பண்றேன். புதுக் கொட்டகை கட்டித் தர்றேன்!"

புதுக் கொட்டகை!

ஒரு கணம் அது அவள் கண்ணுக்குள் எழுந்து நின்றது. காற்றோட்டத்துக்கு நான்கு பக்கமும் ஜன்னல். சிமென்ட் தரை. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வேலுவைப் பார்த்தாள். விலங்கு மாட்டிய கைகள். நகக்கண்ணில் அழுகல் பழத்தின் கறுப்பு.

பிரின்சிபாலின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"முடியாதுங்க சார்," என்றாள், மெல்ல. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "தானாத்தான் வுழுந்தாரு, வேலு விலங்கக் கழட்டுங்க," என்றவள் மறுபடி பிரின்சிபாலிடம் குனிந்தாள். "நாளைக்குப் புதுப் பசங்களுக்கு முதல் பிராக்டிகல் இருக்குது. நீங்களும் வந்து உக்காருங்க... ஃபீஸ் வேணாம்!"