முழங்கையருகே ஓர் ஆள்

சன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்த கூடத்தில், ஏழு வாழையிலைகளில் ஒன்று மட்டும் ஓரம் தூக்கித் தூக்கி அடங்கியது. சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்த அஞ்சலை, எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எலி எதுவும் ஓடவில்லை.

வீடு லலிதாம்பாளுடையது. மலாக்கா ஊரின் காஜா பெராங் பகுதியில் பல தலைமுறை கண்ட மலாக்கா செட்டிக் குடும்பம். பேச்சு மலாய், சாமி நம் சாமி. போகியன்று இறந்தவர்களுக்குச் சோறு படைத்துவிட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வீட்டார் வெளியேறிவிடுவது அவர்கள் வழக்கம். கோயிலிலிருந்து தான் திரும்பும்வரை கூடத்தில் கால் வைக்க வேண்டாம் என்று குடித்தனக்காரர்களிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

சொன்னது யாரிடம்? அஞ்சலையின் புருஷன் பொன்னுதுரையிடம். மீன்காரியிடம் வாலுக்குத் தனியாக, தலைக்குத் தனியாக விலை பேசுகிற மனிதர்.

நான்கு மாதத்துக்கு முன் பஸ் கூரையில் மூட்டை கட்டும்போது விழுந்தார். அன்றிலிருந்து நின்றால் உலகம் சுற்றும். கண்ணை மூடினால் அவரே சாய்வார். ஆஸ்பத்திரியில் மாணிக்கவாசகம் என்பவர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலை வெறித்தபடி தலையை இடவலம் திருப்ப வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். முழங்கையருகே ஓர் ஆள் தொடாமல் கூடவே வந்து, சாய்ந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். இருபது நடையைப் பன்னிரண்டாக்க முடியுமா என்று இவர் கேட்டதற்கு, "அண்ணே, இது பசார் இல்ல" என்றாராம்.

நாளை திங்கட்கிழமை. கம்பெனி டாக்டர் முன்னால் கண்மூடி நேராக நடந்து காட்டாவிட்டால் டிரைவர் வேலை போய்விடும். வெள்ளைக்காரன் ஆகஸ்டில் போகப்போகிறான் என்று ஊரே பேசியது; பஸ் மானேஜர் எங்கும் போவதாக இல்லை.

அவர்கள் அறையில் நான்கு எட்டு வைத்தால் கட்டில் இடிக்கும். கூடம்தான் நீளம். அங்கேயே நடந்து பார்க்கலாம் என்றார்.

"நம்ம வீட்டுப் படையல்ல நாம சுத்தி நிக்கிறதில்லயா? இவங்க மட்டும் கோவிச்சுக்கவா போறாங்க?"

"வேணாங்க. நான் உள்ள வரமாட்டேன்."

"வராத. இத்தன பேரு சும்மாதானே உக்காந்திருக்காங்க."

இலைகளைப் பார்த்துச் சிரித்தார். அவர்களுக்குத் தமிழ் புரியாதே என்று, யாராவது ஒருவர் என் முழங்கையருகே வாருங்கள் என மலாயில் மரியாதையாகக் கேட்டார்.

இலை அசைவது நின்றது.

அவர் கண்ணை மூடி நடந்தார். தேங்காய்ப்பாலும் சாம்பிராணியும் மணந்த கூடத்தில், மழைக்குப் பின் தோண்டிய மண்ணின் வாடை எங்கிருந்தோ கிளம்பி அஞ்சலையின் தொண்டை வரை வந்தது. அவர் பாதம் சிமெண்டில் பதியும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விநாடி பின்னால் மெத்தென்று இன்னொன்று கேட்டது. சுவர் வரை போனார். திரும்பினார். தள்ளாடவேயில்லை. நான்கு மாதத்தில் முதல் முறை. அவளுக்கு அழுகை வந்தது. வேலை பிழைத்தது.

மூன்றாவது நடையில் இடப்பக்கம் சாய்ந்தார். அஞ்சலை கை நீட்டினாள். கால் வாசலைத் தாண்டவில்லை. முழங்கையருகே இருந்த அந்த இடம் அவளுடையது.

விழவில்லை. இன்னும் சாய்ந்தார். சுவரில் சாத்திய குடையின் சாய்வு. சுவர் இல்லை.

இடது சட்டைக்கையில் நான்கு பள்ளம். நான்கு விரல். வலதிலும்.

"என்னங்க, கண்ணத் தொறங்க."

"பேசாத, அஞ்சல. சுத்தவே இல்ல. நேரா நடக்கிறேன் பாரு."

காலர் கசங்கியது. முடி ஒரு கொத்தாக மேலே எழுந்தது. பிடிக்கிறவர்கள் பெருகினார்கள்.

இன்னும் சாய்வு. இன்னும்.

தோள் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கண் மூடியே இருந்தது. முகத்தில் சிரிப்பு. தரையைத் தொடாத இரண்டு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக, அளவாக, நடந்துகொண்டிருந்தன.